வானம் பார்த்த பூமியும் மூளையின் தராசும்

புரட்டாசி மாதத்தின் பிற்பாதியில் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைச் சாலையில் காரியாபட்டியைத் தாண்டிச் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். சாலையின் இருபுறமும் கரிசல் நிலம் உழுது கிடக்கும். ஒரு நிலத்தில் விதைப்பு நடந்துகொண்டிருக்கும். மண்ணில் ஈரம் என்பது மருந்துக்கும் இராது; காலடி பட்ட இடமெல்லாம் புழுதி பறக்கும். வரப்புக்கு அப்பால் பக்கத்து நிலத்துக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மேற்கே பார்த்தபடி நிற்பார். அவருடைய நிலமும் உழுது ஆயத்தமாகவே இருக்கிறது. விதையும் வீட்டில் வாங்கி வைத்தாயிற்று. ஆயினும் அவர் விதைக்கவில்லை. இருவர் தலைக்கு மேலும் ஒரே வானம். இருவர் காதில் விழுவதும் ஒரே வானிலைச் செய்தி. முடிவுகள் மட்டும் நேர் எதிராக இருக்கின்றன.

முதல் மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் விதைப்பதைப் புழுதி விதைப்பு என்பர். மானாவாரி நிலத்தில் இது பழைய வழக்கம். நல்ல மழை விழுந்த அன்றே விதை முளைக்கத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையின் ஒரு துளிகூட வீணாவதில்லை. ஆனால் பெய்யும் முதல் மழை அரைகுறைத் தூறலாக அமைந்து, அதன்பின் பத்து நாள் வெயில் காய்ந்தால், முளைத்த முளை அப்படியே கருகிப்போகும். விதைக்காசு மண்ணோடு போயிற்று. சரி, மழை வந்தபின் விதைக்கலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. நனைந்த கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும் மண். ஏரோ டிராக்டரோ பல நாள் உள்ளே இறங்க முடியாது. அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டால் மேலும் தாமதம். பிந்தி விதைத்த பயிர், கதிர் பிடிக்கும் தை மாதத்தில் ஈரமின்றி வாடி நிற்கும்.

இப்படி ஒரு நாள் இரவு, ஏதோ ஒரு வீட்டில் நடக்கும் பேச்சைக் கற்பனை செய்துகொள்வோம்.

"ஏங்க, வளையலை அடகு வைத்துத்தானே விதை வாங்கினோம். இன்னும் நாலு நாள் பொறுத்துப் போட்டால் என்ன?"

"போன வருசம் பொறுத்துத்தானே போட்டோம்? என்ன கண்டோம்?"

"அதற்கு முந்தின வருசம் பொறுக்காமல் போட்டு, இரண்டாம் தடவை விதை வாங்கினது மறந்துபோச்சா?"

மனைவி சொல்வதும் சரி, கணவர் சொல்வதும் சரி. இருவருக்கும் முன்னால் இருப்பது ஒரே கேள்வி; விடை எவரிடமும் இல்லை. விடையில்லாத இடத்தில் மனிதனின் மூளை எவ்வாறு ஒரு முடிவை உண்டாக்குகிறது? கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் அறிவியல் இக்கேள்வியை உற்றுநோக்கி, நம்மைப் போன்ற குடும்பங்கள் அறியவேண்டிய சிலவற்றைக் கண்டுள்ளது.

பழைய கருத்து எளிமையானது. 1654 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பாஸ்கல், பெர்மா என்னும் இரு கணித அறிஞர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில், சூதாட்டத்தில் பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணத்தை எவ்வாறு நேர்மையாகப் பிரிப்பது என்று ஆராய்ந்தனர். நிகழ்தகவுக் கணக்கு என்னும் துறை அங்கிருந்து வளர்ந்தது எனலாம். (இந்தப் பாஸ்கல்தான் பின்னாளில் இறைநம்பிக்கை பற்றிய சிந்தனைக் குறிப்புகளால் நம் வாசகர்களுக்கும் அறிமுகமானவர்.) ஒவ்வொரு விளைவுக்கும் எத்தனை வாய்ப்பு, அதனால் எத்தனை ஆதாயம் என்று பெருக்கிக் கூட்டிப் பார், எது மிகுதியோ அதைச் செய். தராசில் நிறுப்பது போன்ற வேலை.

தாயக்கட்டைக்கு இது பொருந்தும். வானத்துக்குப் பொருந்துமா? தாயக்கட்டையில் எத்தனை முகம் என்பது நமக்குத் தெரியும். இவ்வாண்டு மழைக்கு எத்தனை முகம் என்பது யாருக்குத் தெரியும்? பிராங்க் நைட் என்னும் அமெரிக்கப் பொருளியலார் 1921 இல் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தினார். வாய்ப்புகளின் அளவு தெரிந்த ஆபத்து ஒன்று. அளவே தெரியாத நிச்சயமின்மை வேறொன்று. உழவனுடையது பெரும்பாலும் இரண்டாம் வகை.

1961 இல் டேனியல் எல்ஸ்பெர்க் என்பவர் இதற்கு ஓர் அழகிய சோதனையைக் கூறினார். நம் வீட்டிலேயே அதைச் செய்து பார்க்கலாம். இரண்டு குடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதற் குடத்தில் 50 சிவப்பு மணியும் 50 கறுப்பு மணியும் இருக்கின்றன. இரண்டாம் குடத்திலும் நூறு மணிகள். ஆனால் எத்தனை சிவப்பு, எத்தனை கறுப்பு என்பது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணியை எடுக்கவேண்டும். நீங்கள் சொன்ன நிறம் வந்தால் பரிசு. எந்தக் குடத்தில் கைவிடுவீர்கள்? பெரும்பாலோர் முதற் குடத்தையே நாடுகின்றனர். சிவப்பைச் சொன்னாலும் அதுவே, கறுப்பைச் சொன்னாலும் அதுவே! கணக்குப்படி பார்த்தால் இது ஒத்துவராது; இரண்டாம் குடத்தில் சிவப்பு குறைவென்று நினைத்தால் கறுப்பு மிகுதியாக இருந்தாகவேண்டுமே. ஆகவே நாம் வெறுப்பது தோல்வியின் வாய்ப்பை மட்டுமன்று. வாய்ப்பின் அளவு தெரியாமையையே வெறுக்கிறோம்.

2005 இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் குழு ஒன்று, இத்தகைய தேர்வுகளைச் செய்வோரின் மூளையை ஸ்கேன் கருவியால் பார்த்தது. அளவு தெரிந்த வாய்ப்பைவிட அளவு தெரியாத வாய்ப்பை எதிர்கொள்ளும்போது, இரண்டு இடங்களில் செயல் மிகுந்தது. ஒன்று அமிக்டலா எனப்படும், வாதுமைக் கொட்டை போன்ற சிறு பகுதி. அச்சத்தோடும் எச்சரிக்கையோடும் நெருங்கிய தொடர்புடையது அது. மற்றொன்று, கண்களுக்குச் சற்று மேலே நெற்றியின் உட்புறம் உள்ள பகுதி. அப்பகுதி நோயால் பழுதுபட்டிருந்தவர்களோ தெரிந்த குடம், தெரியாத குடம் என்ற வேறுபாடே பாராட்டவில்லை. அறியாத குடத்தின் முன் நம் கை தயங்குகிறதென்றால், அது அறிவின்மை அன்று. மூளையின் காவலாளி விழித்துக்கொண்டிருக்கிறான் என்பதே பொருள்.

இதை மனத்தில் கொண்டு நம் கரிசல் உழவனைப் பாருங்கள். ஆண்டாண்டாகப் பயிரிட்ட குதிரைவாலி எவ்வளவு விளையும், எவ்வளவு ஏமாற்றும் என்பது அவனுக்குத் தெரியும். அது முதற் குடம். புதிய வீரிய விதை இரண்டாம் குடம். கூட்டத்தில் அதிகாரி எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அவன் தலையசைத்துவிட்டுப் பழைய விதையையே போடுகிறான். உடனே, 'துணிவில்லாத பழமைவாதி' என்று பட்டம் கட்டிவிடுகிறோம். பலர் மக்காச்சோளத்துக்கு மாறியபின் 2018 இல் படைப்புழு என்னும் புதிய பகை தமிழ்நாட்டுக்குள் புகுந்து குருத்தைத் தின்றதே, அப்போது அந்தத் தயக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

'ஏழை இயல்பிலேயே அஞ்சுபவன்' என்ற எண்ணத்தையும் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஐதராபாத் அருகே பட்டான்செருவில் 1972 இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் அனைத்துலக ஆராய்ச்சி நிறுவனம் புன்செய்ப் பயிர்களை ஆராய்வது. அதனோடு இணைந்து பணிபுரிந்த ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் மராட்டியத்திலும் ஆந்திரத்திலும் உள்ள மழையை நம்பிய சிற்றூர்களில் உண்மைப் பணத்தை வைத்தே மக்களைத் தேர்வு செய்யச் சொன்னார். சிறு தொகையில் தொடங்கி, அவ்வூரில் பல நாள் கூலிக்கு ஈடான பெருந்தொகை வரை சென்றது சோதனை. 1980 இல் வெளியான அதன் முடிவு என்ன தெரியுமா? தொகை பெரிதாகும்போது ஏறக்குறைய எல்லாருமே மிதமான எச்சரிக்கையோடு நடந்தனர். செல்வருக்கும் வறியவருக்கும் மனப்போக்கில் பெரிய வேறுபாடு இல்லை. ஒருவன் புதிய விதையை வாங்குவதும் மற்றவன் வாங்காததும் பெரிதும் கடன் கிடைப்பது போன்ற வசதிகளைப் பொறுத்தவை. உள்ளத்தின் கோழைத்தனத்தால் அல்ல என்று அவர் கருதினார்.

இனி, வேறொரு வகை அறிவுரை உண்டு. "உணர்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு, நிதானமாக அறிவால் முடிவு செய்" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இது முழு உண்மையா?

காரியாபட்டிப் பக்கத்தில் கல்குவாரிகள் உண்டு. பாறையில் துளையிட்டு வெடிமருந்து இட்டுப் பிளக்கும் தொழிலின் கொடுமை அவ்வட்டாரத்தார் அறியாததன்று. 2024 மே முதல் நாளன்று, அதுவும் தொழிலாளர் தினத்தன்று, ஆவியூர் அருகே குவாரி ஒன்றில் வெடிபொருள் வெடித்துத் தொழிலாளர் உயிர் இழந்தனர். இதே தொழிலில், 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இரயில் பாதைக்காகப் பாறை பிளந்துகொண்டிருந்த பினியஸ் கேஜ் என்னும் இளைஞன் துளையில் மருந்தை இரும்புக் கம்பியால் இடித்தபோது அது வெடித்தது. கம்பி கன்னத்தில் புகுந்து மண்டையின் உச்சி வழியே வெளியேறியது. வியப்பு என்னவெனில் அவன் பிழைத்தான், பேசினான், நடந்தான். ஆனால், அவனுக்கு மருத்துவம் செய்த ஹார்லோ என்பவர் எழுதியபடி, பொறுப்புமிக்க மேற்பார்வையாளனாக இருந்தவன் திட்டம் போட்டுக் கைவிடுபவனாக, நிலையற்றவனாக மாறிவிட்டான். பழுதுபட்டது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி.

நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் அந்தோனியோ டமாசியோ என்னும் மருத்துவர், அதே பகுதி பழுதான நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்களுடைய அறிவுத்திறன் குறையவில்லை; கணக்கும் மொழியும் நினைவும் நன்றாகவே இருந்தன. குறைந்தது உணர்ச்சிதான். இத்தகையோர் அறிவால் மட்டும் முடிவு செய்து வாழ்வில் வெற்றி கண்டிருக்க வேண்டுமன்றோ? நேர்மாறாக, பணத்தை இழந்தனர், நட்பை முறித்துக்கொண்டனர், எளிய தேர்வுகளில்கூட மணிக்கணக்கில் திண்டாடினர். அவர்களுக்கென 1994 இல் ஒரு சீட்டாட்டச் சோதனை வெளியாயிற்று. நான்கு சீட்டுக் கட்டுகள். இரண்டில் பெரிய ஆதாயம், அதைவிடப் பெரிய நட்டம். மற்ற இரண்டில் சிறிய ஆதாயம், சிறிய நட்டம். நலமுள்ளவர்கள் சிறிது நேரம் ஆடியபின் கெட்ட கட்டுகளை விட்டு விலகினர். அந்நோயாளிகளோ இழந்துகொண்டே அவற்றையே எடுத்தனர். நலமுள்ளவர்களின் உள்ளங்கையில், கெட்ட கட்டின்மேல் கைவைக்கும் முன்பே, மெல்லிய வியர்வை அரும்பியது. வாயால் காரணம் சொல்லத் தெரிவதற்கு முன்னரே உடல் அறிந்துவிட்டது என்றனர் டமாசியோ குழுவினர். ஆட்டக்காரர்களுக்கு அவர்கள் நினைத்ததைவிட முன்னதாகவே காரணம் தெரிந்திருந்தது என்று 2004 இல் வேறிருவர் மறுத்தும் எழுதினர், அவ்வாதம் தொடர்கிறது. ஆனால் அச்சமும் தயக்கமும் முடிவெடுப்பதற்குப் பகை அல்ல, துணை என்பதில் ஐயமில்லை.

அந்தத் துணை எங்கே நம்மைக் கைவிடும் என்பதே இனிக் காணவேண்டியது. இதுதான் சிவகாசி வட்டாரக் குடும்பங்களின் உயிர்நாடியான செய்தி.

சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்து பின்னர் கேம்பிரிட்ஜில் பணிபுரிந்த உல்பிராம் சுல்ட்ஸ் என்பவர், குரங்கின் நாவில் பழச்சாற்றுத் துளியை விட்டு, அதன் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அச்செல்கள் துடித்தன. சாற்றுக்கு முன் ஓர் அடையாளத்தைக் காட்டிப் பழக்கியபின், அடையாளத்தைக் கண்டபோது துடித்தன. சாறு வந்தபோது வாளாவிருந்தன. அடையாளம் காட்டியும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கியது. அதாவது மூளை கணக்கில் எழுதுவது ஆதாயத்தை அன்று; எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை. நினைத்ததைவிட நன்று நடந்தால் அடுத்த முறை எதிர்பார்ப்பைச் சற்று ஏற்றிக்கொள். தீது நடந்தால் சற்று இறக்கிக்கொள். நினைத்தபடியே நடந்தால் கற்க ஒன்றுமில்லை. இந்த ஆராய்ச்சிக்காக 2017 இல் அவருக்கும் மற்றும் இருவருக்கும் மூளை ஆய்வுக்கான உயரிய பரிசு வழங்கப்பட்டது. 2003 இல் அவர் குழு கண்ட வேறொன்றும் உண்டு. சாறு வருமா வராதா என்பது சரிபாதியாக இருக்கும்போதுதான் அச்செல்களின் காத்திருப்புத் துடிப்பு உச்சத்தை அடைகிறது. சூதாட்டத்தின் பிடி இங்கே இருக்கிறதோ என்று பலரும் எண்ணினர். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு தடைசெய்யப்பட்டதும் அதே 2003 ஆம் ஆண்டில்தான் என்பது தற்செயல். அதன்பின் சூது கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது பெற்றோர் பலர் அறிந்த துயரம்.

இப்போது ஒரு பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையை நினைத்துப் பாருங்கள். இருபது ஆண்டு அத்தொழில் செய்தவருக்கு நாள் தவறாமல் நேர்ந்தது என்ன? காலையில் வந்தார், மருந்து கலந்தார், மாலையில் வீடு திரும்பினார். அச்சம் எதிர்பார்த்த ஒன்று நடக்கவில்லை. எதிர்பார்த்ததைவிட நன்றே நடந்தது. மூளை ஒவ்வொரு மாலையும் ஆபத்தின் மதிப்பை ஒரு நூல் குறைத்து எழுதுகிறது. ஆயிரமாயிரம் மாலைகளுக்குப் பின் எஞ்சியிருக்கும் அச்சம் எவ்வளவு? 2004 இல் ரால்ப் ஹெர்ட்விக் முதலானோர் இதனைச் சோதனையில் காட்டினர். அரிய நிகழ்வு ஒன்றின் வாய்ப்பை எழுத்தில் படிப்பவர் அதை உள்ளதைவிடப் பெரிதாக எண்ணுகிறார். அதே வாய்ப்பைத் தம் பட்டறிவால் மட்டும் கற்பவர் அதை உள்ளதைவிடச் சிறிதாக எண்ணுகிறார். செய்தித்தாளில் படித்துவிட்டு நடுங்கும் நகரத்தாரும், அன்றாடம் உள்ளே சென்றுவரும் தொழிலாளியும் ஒரே உண்மையின் இரு பக்கங்களில் தவறுகின்றனர்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நேர்ந்தவற்றை இம்மாவட்டம் மறக்கவில்லை. ஒவ்வொரு விபத்தின் பின்னும், "அவர்களே கவனமாக இருந்திருக்கக்கூடாதா?" என்ற பேச்சு எழுகிறது. 'அசட்டுத் துணிச்சல்' என்கின்றனர். என் கருத்தில் இது அநியாயமான பேச்சு. ஒவ்வொரு நாளும் நன்றே முடிந்த பட்டறிவு, எவருடைய மூளையையும், இதை எழுதுகிறவன் மூளையையும், அப்படித்தான் மரத்துப்போகச் செய்யும். அறைக்கு இத்தனை பேர் மட்டும், இவ்வளவு மருந்து மட்டும், இந்த நேரம் மட்டும் என்னும் விதிகள், மனிதன் அஞ்ச மறந்துவிடுவான் என்று தெரிந்தே எழுதப்பட்டவை. ஆகவே அவற்றைக் காக்கும் பொறுப்பு, அஞ்ச மறந்துபோன தொழிலாளியின் தலையில் மட்டும் சுமத்தத்தக்கதன்று. எண்ணிக்கைக் கூலி முறை கையை விரைவுபடுத்தும்போது, விதியை நினைவூட்ட வேறொருவர் அங்கே இருந்தாகவேண்டும்.

வேலைக்குப் போகாமல் இருந்துவிடலாமே என்பாரும் உளர். 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் சரவெடியையும் பேரியம் உப்பு சேர்ந்த பட்டாசுகளையும் தடுத்தபின், பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போது அடுப்பு எரியாமையும் ஒரு நிச்சயமின்மைதானே? மழை பொய்த்த ஆண்டு மானாவாரி நிலத்தாரில் பலர் ஆலை வேனில் ஏறுகின்றனர். ஒரு குடத்தை வெறுத்து மற்றொரு குடத்தில் கைவிடுகின்றனர், அவ்வளவே.

இவையனைத்தையும்விட நம் குடும்பங்களுக்கு நெருக்கமான ஆராய்ச்சி ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. ஆனந்தி மணி, சிற்றூரில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் செய்து, 2013 இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அவர்கள் தேர்ந்தனர். ஏன் கரும்பு? கரும்புக்காரருக்கு வருமானத்தின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை வெட்டு முடிந்ததும் வருகிறது. அதன்பின் சில மாதம் கையில் பணம். அடுத்த வெட்டு நெருங்கும்போது கை வறட்சி. அடகு வைத்திருந்தோர் வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர். வெட்டுக்குப் பின் 4 பேர் மட்டுமே. ஆலையோ எல்லார் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க இயலாது. முறைவைத்து வெட்டச் சொல்கிறது. எனவே ஒரே மாதத்தில் ஒருவர் பணத்தோடும் பக்கத்து நிலத்துக்காரர் பணமின்றியும் இருப்பர்.

அதே மனிதரை வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்தனர். ஒன்று, படங்களில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்கும் புதிர். மற்றொன்று எழுத்தறியாதவரும் செய்யக்கூடியது: 5 5 5 என்று எழுதிக் காட்டி, எத்தனை எண்கள் உள்ளன என்று கேட்பது. வாய் 'ஐந்து' என்று முந்தும். அதைத் தடுத்து 'மூன்று' என்று சொல்லவேண்டும். மனத்தைக் கட்டி நிறுத்தும் ஆற்றலுக்கான சோதனை இது. கை வறண்ட காலத்தில் அதே மனிதர் புதிரில் சராசரி 4.35 சரியான விடைகள் தந்தார். பணம் வந்தபின் 5.45. எண் சோதனைக்கு முன்னர் 146 விநாடி எடுத்தவர் பின்னர் 131 விநாடியில் முடித்தார், பிழைகளும் குறைந்தன. மனிதர் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. மாறியது கவலை. 'அந்தக் கடனை எப்படிக் கட்டுவது' என்னும் எண்ணம் மூளையின் ஒரு பகுதியை ஓயாமல் ஆக்கிரமித்திருக்க, மற்ற வேலைக்கு எஞ்சிய இடம் சுருங்கிவிட்டது என்பது அவர்கள் விளக்கம்.

இதற்கும் மறுப்பு உண்டு, மறைக்கவேண்டியதில்லை. இரண்டாம் முறை சோதனை எழுதுவோர் பழக்கத்தால் தேறியிருக்கலாம் என்றனர் சிலர். வெட்டுக்குப் பின் மட்டும் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டோரையும் கொண்டு ஆசிரியர்கள் அதற்கு விடை கூறினர். 2016 இல் அமெரிக்காவில் ஏழைத் தொழிலாளரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த வேறொரு குழு, அறிவுத்திறனில் மாற்றம் எதையும் காணவில்லை. சில நாள் நெருக்கடிக்கும், பல மாதம் நீளும் நெருக்கடிக்கும் வேறுபாடு இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வெட்டுக்கு முந்திய மாதங்களை வாழ்ந்து பார்த்தவர்கள் எந்த முடிவை நம்புவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

இதில் உள்ள கொடுமையைக் கவனியுங்கள். மானாவாரிக் குடும்பத்தின் பெரிய முடிவுகள் எல்லாம் எந்த மாதத்தில் வந்து விழுகின்றன? விதை வாங்குவது, உரத்துக்குக் கடன் சொல்வது, கூட்டுறவு வங்கியா கந்துவட்டிக்காரரா என்று தேர்வது, பிள்ளையைக் கல்லூரியில் தொடர வைப்பதா ஆலைக்கு அனுப்புவதா என்று தீர்மானிப்பது... எல்லாமே கை வறண்ட காலத்தில், மூளை மிகவும் களைத்திருக்கும் வேளையில். வட்டிக்காரர் நீட்டும் தாளில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்கப் பொறுமை இல்லாத வேளையும் அதுவே.

ஆகவே சில குடும்பங்களில் பெரியவர்கள் கடைப்பிடித்த சிறு வழக்கங்களை நான் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். தையில் விளைச்சல் வீடு வந்தவுடனே அடுத்த ஆண்டு விதையைப் பிரித்துப் பானையில் கட்டிவைப்பது அவற்றுள் ஒன்று. பணம் இருக்கும் மாதத்திலேயே, மனம் ஓய்ந்திருக்கும் நேரத்திலேயே, புரட்டாசியின் முடிவு ஒன்று முன்கூட்டி எடுக்கப்பட்டுவிடுகிறது. பள்ளிக் கட்டணத்துக்கான சிறு தொகையைத் தை மாதமே அஞ்சலகத்தில் போட்டுவைத்த தாய்மார்களும் இதைத்தான் செய்தனர். கைநாட்டு வைக்கும் முன், 'அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன்' என்று எழுந்து வருவதும் அவ்வகையே. கடன் நெருக்கடி இல்லாத இன்னொரு தலையைச் சிறிது நேரம் இரவல் வாங்குவது போன்றது அது.

சூதின் அளவையே சற்றுக் குறைக்கவும் வழி உண்டு. சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்திப் புழுதியில் விதைத்தால், முளை வறட்சியைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் அதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காரியாபட்டியிலிருந்து தொலைவு அதிகமில்லை. நேரில் சென்று கேட்டுவருவது, இரண்டாம் குடத்துக்குள் சிறிது எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

தொடக்கத்தில் கண்ட அந்த இரு உழவர்களையும் தவிர, மூன்றாவது வகையினரும் அவ்வூர்களில் உண்டு. நான்கு ஏக்கர் இருந்தால் இரண்டு ஏக்கரில் புழுதி விதைப்பு; மீதி இரண்டை மழைக்கு விட்டுவைப்பது. வரப்பில் நின்று, "ஐயா, எந்தப் பாதி பிழைக்கும்?" என்று கேட்டால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

"கார்த்திகை கழிச்சு வாங்க தம்பி, சொல்றேன்."